கேள்வி ஒன்று, கேட்கும் இடமும் ஒன்று: லினக்ஸ் கெர்னலின் ப்ராசஸர் சோதனைகள் பற்றி

ஒரு கெர்னல் தன் வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது: "நான் இப்போது ஓடுகிற இந்த ப்ராசஸருக்கு இந்த வேலை தெரியுமா?" ஏஇஎஸ் மறையாக்கத்தை வன்பொருளிலேயே செய்யத் தெரியுமா, ரேண்டம் எண் தரத் தெரியுமா, பெரிய பக்கங்களைக் கையாளத் தெரியுமா என்று வரிசையாக. பதில் "தெரியும்" என்றால் வேகமான வழி, "தெரியாது" என்றால் பழைய வழி.

கேள்வி சின்னதுதான். ஆனால் அதை ஆயிரம் இடத்தில், பத்து விதமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் கெர்னல் ஒரு நல்ல பாடம். அந்தச் சோதனைகளை ஒழுங்குபடுத்தும் வேலை பத்து வருஷத்துக்கும் மேலாக நடந்துட்டு வருது. அதைப் பற்றிய என் விமர்சனம் இது. சுருக்கமாகச் சொன்னால்: கேள்வியை ஓரிடத்துக்குக் கொண்டுவந்த துப்புரவு அருமையான வேலை. கேள்வியையே அழித்துவிட்டு அதையும் துப்புரவு என்று சொல்வது வேறு விஷயம். இரண்டாவது நம் ஊர் ப்ராசஸர்களைக் கடிக்கும்.

பெயர் வேறு, திறன் வேறு

முதலில் ஒரு அடிப்படை. ப்ராசஸரிடம் இரண்டு வகையாகக் கேட்கலாம். "நீ யார்?" என்பது ஒன்று. "உனக்கு இது தெரியுமா?" என்பது இன்னொன்று. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் சிபியுஐடி என்று ஒரு கட்டளை இருக்கிறது. பிந்தைய 486-களில் வந்து, 1993-ல் பென்டியத்தோடு நிலைத்தது. அது இரண்டு கேள்விக்குமே பதில் தரும். குடும்ப எண், மாடல் எண் என்று அடையாளத்தையும் சொல்லும். வசதிக்கு ஒரு பிட் என்று திறன் பட்டியலையும் கொடுக்கும்.

புதுசா எழுதுறவங்க முதலில் கேட்பது "நீ யார்" என்பதைத்தான். மாடல் எண் 42-ஆ, அப்படின்னா சாண்டி பிரிட்ஜ், அப்படின்னா ஏவிஎக்ஸ் இருக்கும் என்று ஒரு சங்கிலி. இந்தச் சங்கிலி எங்கே அறும் தெரியுமா? அதே 42 மாடல் எண்ணோடு பென்டியம் என்ற பெயரிலும் சில்லுகள் விற்றன. அவற்றில் ஏவிஎக்ஸ் கிடையாது. விலை குறைப்புக்காக இன்டெலே அணைத்து வைத்திருந்தது. கோர் ஐ5-க்கும் பென்டியத்துக்கும் குடும்பம் ஒன்று, மாடல் ஒன்று, திறன் வேறு. பெயரை நம்பி ஏவிஎக்ஸ் கட்டளையை ஓட்டினால் அந்த பென்டியத்தில் நிரல் அங்கேயே விழும்.

எங்க ராயகிரி ரேஷன் கடையை எடுத்துக்குங்க. ஸ்மார்ட் கார்டில் ஒரு குறியீடு இருக்கும். பிஎச்எச்-ஏஏஒய் என்றால் 35 கிலோ அரிசி. என்பிஎச்எச்-எஸ் என்றால் சர்க்கரை அட்டை, அரிசி இல்லை. கடையில் இருக்கிறவர் வீட்டைப் பார்த்தோ பேரைப் பார்த்தோ முடிவு செய்வதில்லை, குறியீட்டைப் பார்க்கிறார். அந்தக் குறியீடு சரியா தப்பா என்பதை வேறு ஒரு அலுவலகம் ஒரு முறை முடிவு செய்துவிட்டது. முடிவு ஓரிடத்தில், கேள்வி எல்லா இடத்திலும். கெர்னலில் வேண்டியதும் இதே ஏற்பாடுதான்.

2016-ல் நடந்த துப்புரவு

எக்ஸ்86 கெர்னலில் இந்த ஏற்பாடு பாதி இருந்தது. பூட் ஆகும்போது சிபியுஐடியைக் கேட்டு, பதில்களை ஒரு பிட் வரிசையில் போட்டு வைப்பார்கள். ஆனால் அந்த வரிசையைப் படிக்கும் வழி பல. "சிபியு_ஹேஸ்_" என்று ஆரம்பிக்கிற மேக்ரோக்கள் ஒரு கூட்டம், வசதிக்கு ஒன்று. சில வசதிகளுக்கு மேக்ரோ உண்டு, சிலதுக்குக் கிடையாது. அதுபோக "பூட்_சிபியு_ஹேஸ்" என்று பொதுவான ஒன்று. "ஸ்டாட்டிக்_சிபியு_ஹேஸ்" என்று வேகமான ஒன்று. அதிலேயே பின்னால் "_ஸேஃப்" என்று ஒட்டிய இன்னொன்று.

2015 முடிவிலும் 2016-லும் போரிஸ்லாவ் பெட்கோவ் இதில் கை வைத்தார். சிபியு_ஹேஸ்_ மேக்ரோக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடங்களில் பொதுவான வடிவத்தைப் போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் பெயர் மாற்றம் மாதிரி இருக்கும். நீளமான பேட்ச், ஒரே மாதிரி வரிகள், சுவாரசியமே இல்லாத வேலை. ஆனால் உள்ளே பார்க்கணும்.

ஸ்டாட்டிக் வகை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். அது ஒவ்வொரு தடவையும் பிட்டைச் சோதிப்பதில்லை. பூட்டின்போது கெர்னல் தன் சொந்த இயந்திரக் கட்டளைகளையே திருத்தி எழுதிக்கொள்கிறது. வசதி இருந்தால் இந்தப் பக்கம் தாவு, இல்லாவிட்டால் நேரே போ என்று முடிவையே கட்டளையாக மாற்றிவிடும். அதன்பிறகு சோதனைக்கென்று செலவு எதுவும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், இந்தத் திருத்தம் நடப்பதற்கு முன்னால் யாராவது அதைக் கூப்பிட்டால்? பழைய வடிவம் அப்போது தப்பான பதில் சொல்லும். அதனால்தான் "_ஸேஃப்" என்ற தனி வடிவம் வந்தது: திருத்தம் நடக்கவில்லை என்றால் பிட்டைப் படித்துப் பதில் சொல்லும்.

இதுதான் எனக்கு உறுத்திய இடம். ஒன்றுக்கு "ஸேஃப்" என்று பெயர் வைத்தால், இன்னொன்றுக்கு என்ன அர்த்தம்? பாதுகாப்பானதைத் தேடிப்போய்க் கூப்பிட வேண்டும், ஆபத்தானது சின்னப் பெயரோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எந்தக் குழுவிலும் இது நல்ல ஏற்பாடு இல்லை. 2016-ல் வந்த 4.6 பதிப்பில் இதைத் தலைகீழாக்கினார்கள். ஸேஃப் வடிவமே ஸ்டாட்டிக்_சிபியு_ஹேஸ் ஆனது, மற்றது போய்விட்டது. என் பார்வையில் மொத்தத் துப்புரவிலும் சிறந்த மாற்றம் இதுதான். வரிகள் குறைந்தன என்பதற்காகச் சொல்லவில்லை. தப்பு செய்வதற்கு இருந்த ஒரு வழியை அடைத்தது என்பதற்காக.

ஓரிடத்தில் வைத்தால் என்ன லாபம்

"கோட் அழகா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ஓடுனா சரி" என்று சொல்கிறவர்களுக்கு 2019-ல் நடந்த ஒன்றைக் காட்டலாம்.

ஆர்டிரேண்ட் என்பது ரேண்டம் எண் தரும் கட்டளை. மறையாக்கச் சாவிகளுக்கு இது மூலப்பொருள்களில் ஒன்று. ஏஎம்டியின் சில பழைய குடும்பங்களில், மடிக்கணினியைத் தூங்க வைத்து எழுப்பிய பிறகு இது ஒழுங்காக வேலை செய்யவில்லை. எழும்போது பயாஸ் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் காரணம். சிபியுஐடியைக் கேட்டால் "தெரியும்" என்றுதான் சொல்லும். வருகிற எண்ணை நம்ப முடியாது.

கெர்னல் முழுக்க ஆளாளுக்குச் சிபியுஐடியைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால், இதைத் திருத்த எத்தனை இடத்தைத் தேடணும்? ஒரே வரிசை இருந்ததால் ஏஎம்டிக்கான துவக்கக் கோட்டில் அந்த ஒரு பிட்டை அணைத்தார்கள். கெர்னல் முழுக்க அன்றிலிருந்து "இந்த ப்ராசஸருக்கு ஆர்டிரேண்ட் தெரியாது" என்று நம்பியது. அதோடு நிற்கவில்லை. பயனர் நிரல்கள் கெர்னலைக் கேட்காமல் நேரே சிபியுஐடியைக் கேட்கும் என்பதால், ப்ராசஸரின் உள் ரெஜிஸ்டர் ஒன்றை மாற்றி, சிபியுஐடியே "தெரியாது" என்று சொல்லும்படி செய்தார்கள். தலைமை அலுவலகத்தில் குறியீட்டை மாற்றியது மாதிரி. எந்தக் கடைக்கும் தனித்தனியாகச் சொல்லத் தேவை இல்லை.

பெயர் தேவைப்படும் இடமும் உண்டு

"பெயரைக் கேட்காதே" என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாலும் தப்புதான். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியே வந்தன. "உன்னிடம் இந்தக் குறை இருக்கிறதா?" என்று பழைய ப்ராசஸரைக் கேட்க முடியாது. தன் குறையை அறிந்த ப்ராசஸர் அந்தக் குறையோடு வெளியே வந்திருக்காதே! முதலில் லினக்ஸ் எல்லா எக்ஸ்86 ப்ராசஸர்களையும் பாதிக்கப்பட்டவையாகவே எடுத்துக்கொண்டது. ஏஎம்டியின் டாம் லெண்டாக்கி அனுப்பிய சின்னப் பேட்ச் ஏஎம்டியை அதிலிருந்து விலக்கியது. அது அப்பட்டமான பெயர்ச் சோதனை: தயாரிப்பாளர் ஏஎம்டி இல்லை என்றால் குறை உண்டு என்று வை.

அது சரியான சோதனைதான். ஏன்னா அது ஓரிடத்தில் நடக்கிறது, விளைவு ஒரு பிட்டாக மாறுகிறது. கெர்னலில் வசதிகளுக்கு இருக்கிற மாதிரியே குறைகளுக்கும் பிட்டுகள் உண்டு. /ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பில் "பக்ஸ்" என்ற வரியில் நீங்களே பார்க்கலாம். மற்ற கோட் எல்லாம் பெயரைப் பார்க்காமல் அந்தப் பிட்டை மட்டும் பார்க்கும்.

பெயர்ச் சோதனை நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால் வரும் வினைக்கும் ஒரு உதாரணம். 1995-ன் பென்டியம் ப்ரோவிலிருந்து இன்டெல் பெரும்பாலும் குடும்ப எண் 6-லேயே இருந்தது. நடுவில் பென்டியம் 4 மட்டும் 15. இத்தனை வருஷப் பழக்கத்தில் கெர்னலின் பல இடங்களில் குடும்பத்தைக் கேட்காமல் மாடல் எண்ணை மட்டும் கேட்டார்கள். குடும்பம் 6-ஐ விட்டு இன்டெல் நகரப்போகிறது என்றதும்தான் இது உறைத்தது. 2024-ல் இன்டெலின் டோனி லக் தயாரிப்பாளர், குடும்பம், மாடல் மூன்றையும் ஒரே எண்ணாகக் கோர்த்து, அந்தச் சோதனைகளை வரிசையாக மாற்றினார். நல்ல வேலை. ஆனால் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் இந்தக் கடன் வட்டி கட்டாமல் கிடந்தது.

எனக்குத் திருப்தி தராதவை

முதலாவது, ஒரே வழி என்ற இடத்துக்கு எக்ஸ்86 இன்னும் வந்து சேரவில்லை. 2016-ல் பெரும்பாலான இடங்களுக்கு பூட்_சிபியு_ஹேஸ் போதும் என்பது அறிவுரை. ஸ்டாட்டிக் வகை வேகம் மிக முக்கியமான இடத்துக்கு மட்டும். பிற்பாடு காற்று மாறியது. கம்பைல் செய்யும்போதே விலக்கிவிட்ட வசதிகளையும் கணக்கில் எடுக்கும் "சிபியு_ஃபீச்சர்_எனேபிள்ட்" என்பதே பொதுவாகப் பயன்படுத்த வேண்டியது என்றார்கள். இரண்டாவது அறிவுரைதான் சரி. ஆனால் முதல் அறிவுரைப்படி எழுதியவை அப்படியே இருக்கின்றன. புதிதாக வருகிறவர் பக்கத்து வரியைப் பார்த்துத்தான் எழுதுவார். பக்கத்து வரி எந்த வருஷத்துப் பழக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, வெளியே தெரிந்துவிட்ட பெயர்கள். எஸ்எஸ்இ3 என்ற வசதியை சிபியுஇன்ஃபோவில் தேடிப் பாருங்க, கிடைக்காது. அங்கே அது "பிஎன்ஐ". ப்ரெஸ்காட் நியூ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்ற பழைய செல்லப்பெயரின் சுருக்கம். யாரோ அதைப் படிக்கும் நிரல் எழுதியிருப்பார்கள் என்பதால் இனி மாற்ற முடியாது. 2024-ல் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள்: புதிய வசதிகள் கேட்டுக்கொண்டால் ஒழிய அந்தக் கோப்பில் தெரியாது. முன்பெல்லாம் மறைக்கச் சொன்னால் ஒழியத் தெரியும். தாமதமானாலும் சரியான திசை.

மூன்றாவதுதான் பெரிசு. அதற்கு ரிஸ்க்-ஃபைவ் பக்கம் போக வேண்டும்.

சக்தி என்ற பெயர் என்ன சொல்கிறது?

ரிஸ்க்-ஃபைவ் 2010-ல் பெர்க்லியில் தொடங்கிய திறந்த கட்டளைத் தொகுதி. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர்கள் இதன்மேல் கட்டியவை. 2018-ல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் செய்து வந்த சக்தி சில்லில் லினக்ஸ் பூட் ஆனது. அதே வருஷம் சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள நம் அரசு ஆலையிலேயே 180 நானோமீட்டரில் இன்னொன்றைச் செய்தார்கள். மலையைத் தாண்டினால் வருகிற திருவனந்தபுரத்தில் சி-டாக் வேகா வரிசையைச் செய்கிறது.

சக்தியின் சி-கிளாஸ் லினக்ஸ் ஓடக்கூடிய ஐந்து கட்ட ப்ராசஸர். அதன் மூலக் கோட் திறந்தே கிடக்கிறது. ஒரு அமைப்புக் கோப்பில் பெருக்கல் வேண்டுமா, மிதவைப்புள்ளி வேண்டுமா, சுருக்கக் கட்டளைகள் வேண்டுமா என்று எழுதினால் அதற்கேற்ற ப்ராசஸர் பிறக்கும். அப்படின்னா "இது சக்தி சி-கிளாஸ்" என்ற பெயர் திறனைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. பெயரைக் கேட்காமல் திறனைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ரிஸ்க்-ஃபைவில் எப்படிக் கேட்பது? கெர்னல் நேரே கேட்க வசதியாகச் சிபியுஐடி மாதிரி ஒன்று இல்லை. மிசா என்ற ரெஜிஸ்டர் இருக்கிறது, அதைக் கெர்னலுக்குக் கீழே இருக்கும் ஃபர்ம்வேர்தான் படிக்க முடியும். அதனால் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ஒரு எழுத்துச் சரத்தை எழுதி வைத்தார்கள்: ஆர்வி64 என்று ஆரம்பித்து, பின்னால் வசதிக்கு ஒரு எழுத்து.

இந்தச் சரம் இரண்டு முறை காலை வாரியது. முதல் முறை, 2019-ன் விவரக்குறிப்பில் "ஐ" என்ற அடிப்படைத் தொகுதியிலிருந்து சில கட்டளைகளைப் பிரித்து ஸிசிஎஸ்ஆர், ஸிஃபென்ஸ்ஐ என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். எழுத்து அதேதான், அர்த்தம் குறைந்துவிட்டது. 2022-ல் பின்யூட்டில்ஸ் 2.38 புதிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டதும், அதுவரை ஒழுங்காகக் கம்பைல் ஆன கெர்னல் கம்பைல் ஆகவில்லை. திருத்தம் போட வேண்டியதாயிற்று. இரண்டாவது, வெக்டார் வசதியைக் குறிக்கும் "வி". டி-ஹெட் ப்ராசஸர்கள் கொண்ட பலகைகளில் இருந்தது இறுதியாகாத 0.7.1 வடிவம். ஒப்புதல் பெற்ற 1.0-வோடு அது ஒத்துப்போகாது. இருந்தும் பல நிறுவனங்கள் டிவைஸ் ட்ரீயில் "வி" என்று எழுதின. கடைசியில் கெர்னல் என்ன செய்தது? தயாரிப்பாளர் டி-ஹெட், வடிவமைப்பு எண் பூஜ்யம் என்றால் "வி"-யை நம்பாதே என்று ஒரு பெயர்ச் சோதனையைச் சேர்த்தது. எக்ஸ்86 முப்பது வருஷத்தில் கற்றதை, புதிதாகத் தொடங்கிய ஒன்று தன் தொடக்க வருஷங்களிலேயே மறுபடி பட்டுத் தெரிந்துகொண்டது.

2023-ல் கானர் டூலியின் முயற்சியில் சரத்துக்குப் பதிலாக வசதிகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயரும் எந்த விவரக்குறிப்பின் எந்த வடிவத்தைக் குறிக்கிறது என்று எழுதி வைக்கப்பட்டது. அர்த்தம் இனி நழுவாது. இது துப்புரவு மட்டும் இல்லை, ஒப்பந்தம். சக்தி, வேகா பலகைகளுக்கு டிவைஸ் ட்ரீ எழுதுகிறவர்கள் பழைய சரத்தோடு நிறுத்தாமல் இந்தப் பட்டியலையும் கட்டாயம் எழுத வேண்டும். இல்லாததை இருக்கிறது என்று எழுதவும் கூடாது.

கேள்வியை அழிப்பது

இப்போது அந்த மூன்றாவது குறை. சோதனைகளைக் குறைக்க இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. "இந்த வசதி இல்லாதவர்கள் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கேட்கவே தேவை இல்லை. 2012 டிசம்பரில் லினக்ஸ் 386-ஐ இப்படித்தான் விட்டது. அது நியாயம். 386-ஐ வைத்திருக்கிறவர்களைவிட அந்தக் கோட்டைப் பராமரிக்கிறவர்களின் சுமை பெரிது.

ஆனால் கெர்னலுக்கு மேலே இருக்கும் விநியோகங்கள் இதை வேகமாகச் செய்கின்றன. 2025-ல் வந்த ரெட் ஹேட் 10, ஏவிஎக்ஸ்2 உள்ளிட்ட வசதிகள் இல்லாத இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் ஓடாது. 2013-ல் கோர் வரிசைக்கு வந்துவிட்ட அந்த வசதி, பென்டியம், செலரான் என்ற பெயரில் அதற்குப் பல வருஷம் கழித்து விற்ற மலிவு விலைச் சில்லுகளில்கூட இல்லை. உபுண்டு 25.10 ரிஸ்க்-ஃபைவுக்கு ஆர்விஏ23 என்ற தொகுப்பைக் கட்டாயமாக்கியது. அந்தத் தொகுப்பு 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் பெற்றது. வெக்டார் அதில் கட்டாயம். அதுவரை மக்கள் வாங்கிய பலகைகளில் அநேகமாக எதுவும் அதில் தேறாது. ஐந்து கட்டச் சி-கிளாஸும் தேறாது.

அவர்கள் காரணத்தை நான் குறை சொல்லவில்லை. எல்லா வசதிக்கும் இரண்டு வழி எழுதிப் பராமரிக்க ஆள் வேண்டும். ஆனால் கெர்னல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்க. அதே ரிஸ்க்-ஃபைவ் கெர்னல் வெக்டார் இருந்தால் பயன்படுத்தும், இல்லாவிட்டால் இல்லாமல் ஓடும். பூட்டின்போது எல்லா கோர்களுக்கும் பொதுவான வசதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். கேள்வி ஓரிடத்தில் ஒழுங்காக இருப்பதால்தான் அந்தத் தாராளம் அதற்குக் கட்டுப்படியாகிறது. கேள்விகள் சிதறிக் கிடந்திருந்தால், அழிப்பதுதான் ஒரே வழி என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள்.

அதனால்தான் பெயர் மாற்றம் மாதிரித் தெரியும் அந்த அலுப்பான பேட்ச்களை நான் மதிக்கிறேன். யாரை உள்ளே விடலாம் என்ற முடிவின் செலவை அவை குறைக்கின்றன. இந்தியாவில் ஒரு ப்ராசஸரைச் செய்துவிடலாம், செய்தும் விட்டோம். அதில் ஓட மென்பொருள் வேண்டும் என்றால், உலகத்துக்கெல்லாம் பொதுவான கோட் "உனக்கு இது தெரியாதா, பரவாயில்லை, இந்த வழியில் வா" என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை உயிரோடு வைத்திருக்கும் வேலையில் நம் ஊர் இன்ஜினியர்களுக்கும் இடம் இருக்கிறது. ஒரு பழைய பூட்_சிபியு_ஹேஸ் வரியைத் தேடி எடுத்து, அது அங்கே ஏன் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, சரியான வடிவத்துக்கு மாற்றி அனுப்புவது நல்ல தொடக்கம்.